தானாய் வந்த சூடு

கந்தளாய்க்குக் கொஞ்சம் இப்பால், வீதி திருத்தும் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், ஜப்பான்காரர் மயங்கிப்போனார். பின் ஆசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தக் கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது. தலை சரிந்து ஜன்னலில் முட்டியது. முன்னாலிருந்த கண்ணாடியில் அதைக் கண்ட சாரதி சரீப் காரை ஓரங்கட்டி நிறுத்தினான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். வெளியே கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. காருக்குள் அதைவிட மோசம். காலடித் துவாரங்களால் வந்த காற்று, சோறு வடிக்கும்போது முகத்தில் அடிக்கும் ஆவியைப் போலச் சுட்டது. இத்தனைக்கும் அது குளிரூட்டி பூட்டிய ஜேர்மன் கார். திருகோணமலையில் அப்படி இன்னொன்று இல்லை. இறால் பதனிடும் கம்பனியின் தலைவர் கொழும்பிலிருந்து அதை அனுப்பி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து இறால் வாங்க வருகிறவர்களை விமான நிலையத்திலிருந்து குளிரக் குளிரக் கொண்டுவந்து இறக்குவதற்கென்றே அனுப்பிய கார்.

விடியற்காலைக் குளிரில் ஹபரணைவரை ஜன்னலைத் திறந்துதான் வந்தார்கள்; அதைத் தாண்டி வெயில் ஏறி, பத்துப் பன்னிரண்டு நாளில் முதல் தடவையாகக் குளிரூட்டியைப் போட்டதுமே சூடு தொடங்கிவிட்டது. டாஷ்போட்டில் எண்கள் போட்ட சின்னச் சில்லு ஒன்று இருந்தது. இருபத்திரண்டில் நின்ற அதைக் குறைப்பதற்காகச் சரீப் கை வைத்தான்.

“என்ன செய்யிறாய்? குறைக்கிறியோ?” பக்கத்து ஆசனத்திலிருந்து சோமசேகரம் சத்தம் போட்டார். அவர்தான் துறைமுகத்து ஆலையின் முகாமையாளர். “கூட்டு! கூட்டினாத்தானே குளிர் வரும்.”

“சேர், இது அப்பிடியில்ல. நம்பர் கூடினா…”

“சொல்றதைச் செய்.”

வீட்டு மின்விசிறியில் எண்ணைக் கூட்டினால் காற்று கூடும். காரிலும் அப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார். அப்படியில்லை என்பது மூன்று மாதப் பழக்கத்தில் சரீப்புக்குத் தெரியும். ஆனாலும் ‘சேர்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவன் வாயில் வேறு சொல் வருவதில்லை. சில்லை முப்பதுக்குத் திருப்பினான். சூடு இன்னும் ஏறியது. ஜன்னலைத் திறந்தான். செம்மண் புழுதி உள்ளே கொட்டியது. “பூட்டு, பூட்டு, அவற்ர வெள்ளை உடுப்பெல்லாம் போச்சு” என்றார் சோமசேகரம். பூட்டினான். அதிலிருந்து பத்தாவது நிமிடம் ஜப்பான்காரரின் தலை சரிந்தது.

அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வீதியோரப் பாலை மரத்தின் கீழ் கிடத்தியது சரீப்தான். கல் பரப்பிக்கொண்டிருந்த தொழிலாளிகள் குடத்தோடு தண்ணீர் கொண்டுவந்தார்கள். முகத்திலும் மார்பிலும் ஊற்றி, சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, தன் தொப்பியால் விசிறினான். அறுபத்தைந்து வயது இருக்கும் அந்த மனிதர் கண்ணைத் திறந்து சரீப்பின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சோமசேகரம் காருக்குப் பக்கத்தில் நின்று தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே ஜப்பான்காரர் ஆலையைப் பார்க்காமல், தலைவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, வாடகைக் கார் பிடித்துக் கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டார். எட்டு மணிக்குக் கொழும்பிலிருந்து தலைவரின் தொலைபேசி வந்தது. சோமசேகரம் எழுந்து நின்று பேசினார். ஒன்பது மணிக்கு நகரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காரின் முன்மூடியைத் திறக்க வைத்தார். மெக்கானிக் அப்படியொரு இயந்திரத்தை முன்பின் கண்டதில்லை. இரண்டு குழாய்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இஞ்சினிலயிருந்து சுடுதண்ணி உள்ளுக்குப் போற வால்வு திறந்து கிடந்திருக்கு. அதாலதான் சூடு” என்றார். “ஆர் திறந்தது?” என்று சோமசேகரம் கேட்டார். மெக்கானிக் தோளைக் குலுக்கினார்.

சோமசேகரத்துக்கு அது போதுமாக இருந்தது. பத்து மணிக்குச் சரீப்பை ஆலை முற்றத்துக்கு வரச் சொன்னார். ஐஸ் உடைக்கிறவர்கள், லொறிக்காரர்கள், காவலாளி தவராசா எல்லோரும் நின்றார்கள்.

“சூடு தானா வராது. ஆரோ ஒருத்தன்ர கை வேணும்” என்றார். “கார் உன்ர கையிலதான் இருந்தது.”

“நான் ஒண்டையும் தொடல்ல சேர்.”

“பெண்சாதி கையுறை கேட்டு ஒப்பம் சேர்க்கிறாள். புருஷன் காரில நாசவேலை செய்யிறான். எனக்கு விளங்காதெண்டு நினைச்சியோ? கள்ளன்!”

சரீப்பின் மனைவி ஜெஸீமா அதே ஆலையில்தான் இறால் உரித்தாள். அறுபத்துமூன்று பெண்கள் காலையிலிருந்து பின்னேரம்வரை ஐஸில் புதைத்த இறாலைக் கையால் உரிப்பார்கள். விரல் நுனிகள் வெளிறி வெடித்துவிடும். வெடிப்பில் இறால் முள் ஏறினால் புண் ஆறாது. றப்பர் கையுறை வேண்டுமென்று இரண்டு கிழமைக்கு முன் எல்லோரிடமும் ஒப்பமும் பெருவிரல் அடையாளமும் வாங்கிக் கொடுத்தவள் ஜெஸீமா. பதில் வரவில்லை.

சரீப் இருபது வருடம் வண்டி ஓட்டியவன். ஒருவரும் அவனை அந்தச் சொல்லால் கூப்பிட்டதில்லை.

“அந்த வெல்வெட் விரிப்பைப் போட்ட அண்டைக்கே சொன்னனான் சேர்” என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். பத்து நாளுக்கு முன், வெயிலுக்கு டாஷ்போட் வெடித்துவிடும் என்று சோமசேகரம் நகரத்துத் தையல்காரரிடம் கொடுத்து, தங்கக் குஞ்சம் வைத்த சிவப்பு வெல்வெட் விரிப்பு ஒன்று தைப்பித்து, பசை பூசி ஒட்டுவித்தார். டாஷ்போட்டின் நடுவில் சட்டைப் பொத்தான் அளவில் கம்பி வலை போட்ட ஓர் ஓட்டை இருந்தது. அதிலிருந்து காற்று வருவதில்லை; அது காற்றை உள்ளே இழுக்கும். முன்னால் இருந்து சிகரெட் பிடித்த ஒரு விருந்தாளியின் புகை அந்த ஓட்டைக்குள் நூல் போலப் போவதைச் சரீப் கண்டிருந்தான். எதற்கென்று தெரியாது. ஆனால் ஒரு வேலையும் இல்லாமல் ஜேர்மன்காரன் அங்கே ஓட்டை வைக்கமாட்டான் என்று நினைத்தான். விரிப்பு அதை மூடியபோது, “சேர், இது காத்தை இழுக்கிற ஓட்டை, மூடக்கூடாது போல” என்றான்.

“மூடினா என்ன? உன்ர மூக்கா அது?” என்று கேட்டுவிட்டுச் சோமசேகரம் சிரித்தார்.

இப்போது அவர் சிரிக்கவில்லை. “துணியால சூடு வருமோடா? பொலிஸ் வரட்டும். அதுவரைக்கும் இவனை ஐஸ் அறைக்கு முன்னாலை வைச்சுப் பூட்டு” என்று தவராசாவுக்குச் சொன்னார். தவராசா முகத்தைத் தூக்காமல் சாவிக் கோர்வையை எடுத்தான்.

ஐஸ் அறைக்கு முன்னால் இன்னொரு சின்ன அறை உண்டு. கட்டிகளை இழுத்துவந்து போடும் இடம். ஜன்னல் இல்லை. வியர்வையில் நனைந்த சட்டையோடு சரீப் உள்ளே தள்ளப்பட்டான். ஐந்து நிமிடத்தில் சட்டை முதுகில் பனிபோல ஒட்டியது. கதவில் அடித்தான். கை வலித்தது. காலால் அடித்தான். பிறகு உட்கார இடமில்லாமல் ஈரத் தரையில் இங்கும் அங்கும் நடந்தான். சோமசேகரத்தின் மேல் வந்த கோபம் பெரிதுதான். ஆனால் அதற்கு அடியில் தன்மேலேயே ஒரு கோபம் கிடந்து எரிந்தது. முப்பதுக்குத் திருப்பியது அவன் கை. பிழையென்று தெரிந்தும் திருப்பிய கை. ஒரு மனிதர் செத்திருப்பார். ஏன் திருப்பினேன், ஏன் திருப்பினேன் என்று நடந்துகொண்டே கேட்டான். நடுக்கத்தில் பற்கள் அடித்துக்கொண்டன.

ஆலையின் தொலைபேசி இணைப்புகள் எல்லாம் தட்டெழுத்தாளர் பூரணியின் மேசையால்தான் போகும். சாம்பல்தீவிலிருந்து நாளும் பஸ்ஸில் வந்துபோகிறவள். அதிகம் கதைக்கமாட்டாள். பதினொரு மணியாயிற்று, பன்னிரண்டாயிற்று. பொலிசுக்கு ஓர் அழைப்பும் போகவில்லை. சோமசேகரம் தேநீர் கேட்டார், கொழும்புக்கு ஒருமுறை எடுத்தார், தன் வீட்டுக்கு ஒருமுறை எடுத்தார். பன்னிரண்டரைக்குப் பூரணி கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக, செருப்புக் காலோடு, இறால் உரிக்கும் கொட்டகையின் ஈரத்துக்குள் இறங்கினாள்.

“ஜெஸீமா அக்கா, உங்கட அவரை ஐஸ் அறைக்கு முன்னால பூட்டி வைச்சிருக்கினம். ரெண்டரை மணித்தியாலமாச்சு. பொலிஸ் வராது. முகாமையாளர் பொலிசுக்கு எடுக்கவே இல்லை.”

ஜெஸீமா கையிலிருந்த இறாலைக் கீழே வைத்தாள். முன்னால் இருந்த அலுமினியத் தட்டத்தைக் கவிழ்த்து, இறால் வெட்டும் கத்தியின் பிடியால் அதில் அடித்தாள். ஒருமுறை. பிறகு விடாமல். பக்கத்தில் இருந்த உம்மு குல்சும் தன் தட்டத்தைக் கவிழ்த்தாள். பிறகு அடுத்த வரிசை. அறுபத்துமூன்று தட்டங்கள். தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் இடி இறங்கினதுபோல் இருந்தது. துறைமுகத்தில் நங்கூரமிட்டுக் கிடந்த கப்பலில் ஆட்கள் மேல்தளத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

போன மாதம் நாடு முழுவதும் நடந்த வேலைநிறுத்தத்தில் சேர்ந்தவர்கள் வேலை இழந்து வீட்டில் குந்தியிருந்தார்கள். அந்தப் பெண்களில் நாலைந்து பேரின் புருஷன்மாரும் அதில் அடக்கம். என்ன நடக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அடித்தார்கள்.

இருபது நிமிடத்தில் ஐஸ் அறைக் கதவு திறந்தது. திறந்தவன் தவராசா.

“ஐயா திறக்கச் சொன்னவரோ?” என்று நடுங்கிக்கொண்டே சரீப் கேட்டான்.

“இல்லை. நானாத்தான் திறக்கிறன்” என்றான் தவராசா. தன் சட்டையைக் கழற்றிச் சரீப்பின் தோளில் போட்டான். சரீப் அதை உடனே எடுத்து அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனான். பூட்டியதும் அவன்தானே.

பெண்கள் மறுபடி தட்டத்தை நிமிர்த்தவில்லை. வெருகலிலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்த இறால் லொறிகள் வாசலில் ஐஸ் உருகிச் சொட்ட நின்றன. “என்ட புருஷன் கள்ளனெண்டா விசாரிச்சுச் சொல்லுங்க. இல்லாட்டி சொன்ன வாயாலேயே இல்லயெண்டு சொல்லுங்க. அதுவரைக்கும் இதில கை வைக்கமாட்டம்” என்று ஜெஸீமா முற்றத்தில் நின்று கத்தினாள். மூன்று மணிக்குச் சோமசேகரம் இறங்கிவந்தார். திங்கட்கிழமை வெளியாள் ஒருவரை வைத்து விசாரணை நடத்துவதென்று ஒரு தாளில் ஒப்பம் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சரீப்பும் ஜெஸீமாவும் தங்கள் ஊரான கின்னியாத் துறையில் ‘பாதை’ என்ற துறைப் படகில் ஏறி அக்கரைக்கு வந்தார்கள். அந்தத் தட்டைப் படகில் பஸ்ஸும் மாட்டு வண்டியும் சைக்கிள்களும் நெருங்கி நின்றன. அக்கரையில் பஸ் பிடித்து நகரம் வந்து, அங்கிருந்து சாம்பல்தீவுக்குப் போனார்கள். பூரணி வரச் சொல்லியிருந்தாள். காரின் பெட்டிக்குள் கிடந்த ஆங்கிலக் கைநூலை அவள் வெள்ளிக்கிழமை பின்னேரம் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

“ரெண்டு நாளா வாசிச்சனான். முதல் ஒண்டும் விளங்கேல்லை” என்று மேசையில் புத்தகத்தை விரித்தாள். சரீப்பை அவள் ‘நானா’, அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். “இப்ப பாருங்கோ, சரீப் நானா. இதில ஒரு சின்னப் பாசிமணி மாதிரி ஒண்டு இருக்காம். சூடு கூடக் குறைய அதுக்குள்ளால போற கரண்டும் கூடிக் குறையும். அதை வைச்சுத்தான் உள்ளுக்கை எவ்வளவு சூடெண்டு கார் அறியுதாம்.”

“அந்த மணி எங்க இரிக்கு?”

பூரணி படத்தைத் திருப்பிக் காட்டினாள். டாஷ்போட்டின் நடு. கம்பி வலை போட்ட ஓட்டை. அதற்குப் பின்னால் ஒரு குழாய். “ஆக்கள் இருக்கிற இடத்துக் காத்தை இந்த ஓட்டையால இழுத்து, மணிக்கு மேலால விடுமாம்.”

“அப்ப அது மூக்குத்தான்” என்றான் சரீப்.

“இன்னும் இருக்கு. வாற காத்தை எல்லாம் முதல்ல நல்லாக் குளிராக்கும். பிறகு இஞ்சின் சுடுதண்ணி ஓடுற குழாய்களுக்கு மேலால விட்டுத் தேவையான அளவு சூடாக்கும்.”

“குளிராக்கிப்போட்டுச் சூடாக்குறதா? விசர் வேல” என்றாள் ஜெஸீமா.

“ரெண்டையும் கலந்தாத்தான் ஒரே அளவில நிக்குமாம். இருபத்திரண்டு எண்டு வைச்சா, மணி இருபத்திரண்டு எண்டு சொல்லும்வரைக்கும் காரே அந்தச் சுடுதண்ணி வால்வைத் திறந்து மூடும். ஒருத்தரும் தொடத் தேவையில்லை. அந்தச் சில்லு குளிரைக் கூட்டுற சில்லில்லை. எனக்கு இவ்வளவு சூடு வேணுமெண்டு சொல்லுற சில்லு.”

சரீப் எழுந்துவிட்டான். முப்பது. முப்பது பாகை வேண்டுமென்று காருக்குச் சொல்லியிருக்கிறான். ஆனால் அது பாதிதான். மற்றப் பாதி? புத்தகத்துப் படத்தில் விரலை வைத்து அவன் மெல்ல மெல்லத் தேடினான். டாஷ்போட்டின் நடுத் துவாரங்களால் எப்போதும் குளிர்காற்று மட்டுமே வரும். சூடு காலடியாலும் முன் கண்ணாடிக்குக் கீழாலும் வரும். அது அவனுக்குக் கை வைத்துப் பார்த்தே தெரியும். வெல்வெட்டின் குஞ்சம் அந்த நடுத் துவாரங்களுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. குளிர்காற்று வெளியே வர வழியில்லாமல் விரிப்புக்குக் கீழேயே பரவியிருக்கிறது. ஓட்டை அதைத்தான் இழுத்திருக்கிறது.

“அதுக்குக் குளிருது” என்றான். “நாங்க உள்ளுக்கு அவிஞ்சு சாகுறம், அதுக்குக் குளிருது. ஐயோ, இவங்களுக்குக் குளிருதே எண்டு அது சூட்டை ஊத்துது!” மேசையில் ஓங்கி அடித்தான். தேநீர்க் கோப்பை துள்ளியது. “துணியால சூடு வருமோடா எண்டு கேட்டான். துணியாலதான் வந்திருக்கு. அவன் ஒட்டின துணியால!”

ஜெஸீமா படத்தைத் தன் பக்கம் திருப்பி, வெடித்த விரலால் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். “ஒரு ஆளுக்குச் சுடுதா குளிருதா எண்டு பார்க்க இத்தின குழாய், இத்தின கம்பி” என்றாள். “எங்களுக்கு ஒரு சோடிக் கையுறை கேட்டா வாயே திறக்கிறாங்க இல்ல.”

புறப்படும்போது சரீப் பூரணியிடம், “தங்கச்சி, புத்தகத்த நீங்கதான் எடுத்தீங்கண்டு தெரிஞ்சா?” என்று கேட்டான்.

“தெரியும்தானே. நாளைக்கு நான்தான் வாசிக்கப்போறன்” என்றாள் பூரணி.

விசாரணைக்கு வந்தவர் பாக்கியரத்தினம். நகரத்தில் நீண்ட காலம் சட்டத்தரணியாக இருந்து ஓய்வுபெற்றவர். பருத்த உடம்பு, வெள்ளைக் காற்சட்டை, கையில் எப்போதும் கைக்குட்டை. அலுவலகத்தில் விசிறிக்குக் கீழே கதிரைகள் போட்டிருந்தார்கள். சரீப் உட்காரவில்லை.

“ஐயா, கதைச்சு இது விளங்காது. முற்றத்தில கார் நிக்கிது. நீங்க அதுக்குள்ள கொஞ்ச நேரம் இருக்கோணும். முகாமையாளர் சேரும் இருக்கட்டும்.”

“எனக்கு வேற வேலை இல்லையோ?” என்றார் சோமசேகரம்.

“நான் இருக்கிறன்” என்று பாக்கியரத்தினம் எழுந்தார்.

பன்னிரண்டு மணி வெயில். கொட்டகையிலிருந்து பெண்கள் றப்பர் ஏப்ரன்களோடு வந்து சுற்றி நின்றார்கள். சரீப் காரிலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டான். “என்ட கை இந்தக் காரில படாது. நான் செஞ்சனெண்டு பிறகு ஆரும் சொல்லக்கூடாது” என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். காரை இயக்கியது தவராசா. சில்லை எந்த எண்ணில் வைக்க வேண்டுமென்று பூரணி புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். இருபத்திரண்டு. தவராசா இறங்க, பாக்கியரத்தினம் ஏறி உட்கார்ந்தார்; கதவுகள் பூட்டப்பட்டன.

இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும். ஐந்து நிமிடத்தில் பாக்கியரத்தினம் கைக்குட்டையை எடுத்தார். எட்டு நிமிடத்தில் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். பன்னிரண்டாவது நிமிடம் கதவைத் திறந்து வெளியே பாய்ந்தார். முகம் இரத்தமாகச் சிவந்து, வியர்வை மூக்கால் சொட்டியது. “கால் அவிஞ்சு போச்சு! இதுக்குள்ள மனுசன் இருக்க ஏலாது” என்றார். “ஒருத்தரும் ஒண்டையும் தொடேல்லையே!”

“இனி அந்த விரிப்பைக் கழட்டச் சொல்லுங்க ஐயா. அதை ஒட்டின சேரே கழட்டட்டும்” என்றான் சரீப்.

சோமசேகரம் அசையவில்லை. பாக்கியரத்தினம் அவரை ஒருதரம் பார்த்தார். பிறகு தானே குனிந்து வெல்வெட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். பசை கிழியும் சத்தம் கேட்டது. தங்கக் குஞ்சம் புழுதியில் விழுந்தது. விரிப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர், “இது ஐஸ் மாதிரிக் குளிருது!” என்று அதைப் பெண்களின் பக்கம் நீட்டினார். ஜெஸீமா தொட்டுப் பார்த்தாள். உம்மு குல்சும் தொட்டாள். கையிலிருந்து கைக்கு அது போயிற்று.

இரண்டாவது தடவை பாக்கியரத்தினம் ஏறி உட்கார்ந்தபோது ஏழெட்டு நிமிடத்தில் அவர் முகத்தில் வியர்வை காய்ந்தது. கால் மணித்தியாலம் கழிந்தும் இறங்க மனமில்லாதவர்போல் உள்ளேயே இருந்தார். பூரணி ஜன்னலோரம் நின்று, கைநூலின் அந்தப் பக்கத்தை ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

“ஓட்டையை மூடக்கூடாதெண்டு நீர் முன்னமே சொன்னனீரோ?” என்று பாக்கியரத்தினம் கேட்டார்.

“சொன்னனான். ‘உன்ர மூக்கா அது’ எண்டு கேட்டார். சில்லைக் குறைக்கவும் போனனான். கூட்டச் சொன்னார், கூட்டினன். அது என்ட பிழை. பிழையெண்டு தெரிஞ்சும் கூட்டினன். அந்த மனுசன்ட்ட நான் மன்னிப்புக் கேக்கோணும். இவருட்ட இல்ல.”

பாக்கியரத்தினம் முற்றத்திலேயே, காரின் முன்மூடியில் தாளை வைத்து முடிவை எழுதினார். சாரதி குற்றமற்றவர். விரிப்பே காரணம். சோமசேகரம் அதை வாசித்தார். பிறகு சரீப்பின் முகத்தைப் பார்க்காமல், அவன் தலைக்கு மேலால் கடலைப் பார்த்து, ஆங்கிலத்தில் வேகமாக ஒரு வசனம் சொல்லிவிட்டுத் திரும்பினார். வேலைக்கு வரலாம் என்பதாக இருக்கலாம்.

“தமிழில சொல்லுங்க” என்றான் சரீப்.

சோமசேகரம் நின்றார்.

“அண்டைக்கு இதே இடத்தில கள்ளனெண்டு தமிழிலதானே சொன்னீங்க. எல்லாருக்கும் விளங்கிச்சு. இதுவும் விளங்கட்டும்.”

வெயிலில் அறுபத்துமூன்று பெண்களும் அசையாமல் நின்றார்கள். வாசலில் அன்று வந்த இறால் லொறி நின்றது. ஐஸ் தண்ணீர் அதன் அடியால் ஓடி மண்ணில் கோடு கீறிக்கொண்டிருந்தது.

“நீர் ஒரு பிழையும் செய்யேல்லை” என்றார் சோமசேகரம்.

“கேக்கல்ல” என்றாள் பின்னாலிருந்து ஜெஸீமா.

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. “நீர் ஒரு பிழையும் செய்யேல்லை!” என்று கத்தினார். கத்திவிட்டு அலுவலகப் படிகளில் ஏறிப் போனார்.

பெண்கள் கொட்டகைக்குப் போனார்கள். கையுறை அதற்குப் பிறகும் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது, அதுவும் ஆண்களின் கைக்குச் செய்த அளவில். அது வேறு சண்டை.

அன்று இரவு வீட்டில் ஜெஸீமா, “இப்ப கோவம் ஆறிச்சா?” என்று கேட்டாள். சரீப் யோசித்துப் பார்த்தான். அந்த வசனத்தைக் கேட்டால் நெஞ்சு இலேசாகும் என்றுதான் மூன்று நாளாக நினைத்திருந்தான். ஆகவில்லை. “இல்ல” என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆலைக்குள் நுழைந்தபோது தட்டெழுத்து இயந்திரத்தின் சத்தம் கேட்கவில்லை. வாசலுக்குப் பக்கத்தில், இறால் நிறுக்கிற கொட்டிலில், தராசுக்கு அருகே ஒரு பெட்டியின்மேல் பூரணி உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டுச் சீட்டுகள். சேலைக் கரையில் மீன் தண்ணீர் தெறித்திருந்தது.

“என்ன தங்கச்சி இது?”

“கம்பனிப் பொருளை வீட்டை கொண்டுபோனதுக்காம். இனி இஞ்சைதான் வேலை” என்றாள். “பரவாயில்லை நானா. நீங்கள் போங்கோ.”

சரீப் அலுவலகப் படிகளில் ஏறினான். பூரணியின் மேசை வெறுமையாக இருந்தது. தட்டெழுத்து இயந்திரத்துக்கு உறை போட்டிருந்தது. உள்ளே சோமசேகரம் கோப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தலைவர் அவரைக் கொழும்புக்கு வரச் சொல்லியிருந்தார், நடந்ததை விளக்குவதற்கு.

“பத்து மணிக்குப் போகோணும். காரைக் கொண்டுவா” என்றார்.

சரீப் கார்ச் சாவியை அவர் மேசையில் வைத்தான். “பூரணி மிஸ் அவட கதிரையில இருந்தா, நான் என்ட சீற்றில இருப்பன்.”

“என்னை மிரட்டுறியோ?”

‘இல்லை சேர்’ என்று சொல்லப் பழகிய நாக்கு. அது அந்தச் சொல்லுக்காக அசையவும் தொடங்கியது. சரீப் அதை நிறுத்தினான்.

“ஓம்” என்றான்.

சோமசேகரம் சாவியைப் பார்த்தார். அவருக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. லொறிச் சாரதிகளில் ஒருவனைக் கூப்பிட்டனுப்பினார். வயிற்றுவலி என்று பதில் வந்தது. இன்னொருவனுக்கும் வயிற்றுவலி. பத்தரைக்கு அவர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தார். தராசுக் கொட்டிலைத் தாண்டும்போது பூரணி எழுந்திருக்கவில்லை. அவர் வாசலில் நின்று ஒரு வாடகைக் காரையும் காணாமல், புகையிரத நிலையத்துப் பக்கமாக வெயிலில் நடக்கத் தொடங்கினார்.

வியாழக்கிழமை பின்னேரம் திரும்பிவந்தார். கொழும்பில் அவருக்கு என்ன சொன்னார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குத் தட்டெழுத்து இயந்திரத்தின் சத்தம் முற்றம் முழுவதும் கேட்டது. பூரணி வழக்கத்தைவிடப் பலமாக அடித்தாள் என்று தவராசா பிறகு சொன்னான்.

சரீப் படியேறிப் போய், அவள் மேசையைக் கடந்து, உள்ளே கிடந்த சாவியை எடுத்தான். சோமசேகரம் தலை நிமிரவில்லை. அவனும் ‘சேர்’ என்று சொல்லவில்லை. முற்றத்தில் மூன்று நாள் புழுதியோடு கார் நின்றது. உடுத்துப் பழசான சாரம் ஒன்றைத் தண்ணீரில் தோய்த்து முன்கண்ணாடியைத் துடைத்தான். நெஞ்சுக்குள் அந்தக் கோபம் அப்படியே இருந்தது. அதோடேயே ஏறி உட்கார்ந்து காரை எடுத்தான்.